மகள் கல்யாணத்தில் நான் ஊற்றாத ஒயின்கள்

1

அக்கா மகன் குமரேசன் அறந்தாங்கியிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "மாமா, நாங்க நாலு பேரு சேந்து ஒயின் ஒண்ணு வாங்கிக் குடிச்சுப் பாத்தோம். இருமல் மருந்துல புளியக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. இதைப் போயி உலகமே தூக்கி வச்சிக் கொண்டாடுது. நீங்க அந்த யாவாரந்தானே பண்றீங்க, எதைக் குடிச்சா நல்லா இருக்கும்னு எழுதுங்க. எங்க செட்டுல எல்லாருக்கும் அனுப்புறேன்."

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான். மலேசியாவில், இந்தப் பேராக் மாநிலத்தில் ஒயின் தெரிந்த தமிழன் யார் என்று விசாரித்தால் மூன்று பேர் பெயரைச் சொல்வார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கற்றுக்கொண்டவர்கள். மூன்றாவது ஆள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஈப்போவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த அன்று கையில் ஒரு துணிப்பை. இன்று குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடியில், சொந்தக் கட்டடத்தில் கடை. உள்ளே குளிரூட்டிய அறையில் பதினோரு நாட்டு ஒயின் படுத்துக்கொண்டிருக்கிறது. போத்தலைப் படுக்கவைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

குமரேசனுக்கு நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் என் மகள் கயல்விழிக்குக் கல்யாணம் முடிந்தது. ஊரிலிருந்து விசா கிடைக்காமல் யாரும் வர முடியவில்லை. "கல்யாணத்துல என்ன ஒயின் ஊத்துனீங்க?" என்று அக்காகூடக் கேட்டாள். அதற்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

2

முதலில், எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எவனோ இணையத்தில் பார்த்துச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள்.

வந்த புதிதில் ஈப்போ பழைய டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவினேன். எட்டு மாதம். கை தோல் உரிந்ததும் விட்டுவிட்டு, ஒரு சைக்கிள் வாங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்க் காலிப் போத்தல் வாங்க ஆரம்பித்தேன். இங்கே பாட்டில் என்று யாரும் சொல்வதில்லை, போத்தல்தான். ரப்பர்த் தோட்டங்கள் அப்போது இருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சோயா சாஸ் போத்தல் கிடைக்கும், பீர் போத்தல் கிடைக்கும். மேனேஜர் பங்களாவின் பின்வாசலில்தான் ஒயின் போத்தல்.

படிக்கத் தெரியாத பெயர்கள். ஆனால் மூக்குக்கு இங்கிலீஷ் எதற்கு? ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பேன். ஒன்றில் ரோஜாப்பூ. ஒன்றில் மழை பெய்த தார்ச்சாலை. ஒன்றில் நம் ஊர் நாவற்பழம் அப்படியே. பச்சை நிறத்தில், கழுத்து நீண்ட போத்தல் என்றால் எலுமிச்சைத் தோல் வாசம் வரும். தோள் அகன்ற போத்தல் என்றால் சுருட்டு, தோல் செருப்பு. உருவமும் வாசமும் மனதில் பதிந்துபோயின. ஒயினைக் குடிப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் மோந்தேன். எந்தக் கல்லூரியில் இப்படிச் சொல்லிக்கொடுப்பான்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், பங்களாவில் பாத்திரம் கழுவிய பெண், காலிப் போத்தல்களைக் கார்க்கை அமுக்கி மூடி வைத்துக் கொடுப்பாள்.

"காலிப் போத்தலுக்கு எதுக்கு மூடி?" என்று கேட்டேன்.

"நீங்க மோந்து பாக்குறத ஜன்னல்ல பாத்தேன். தொறந்து வச்சா வாசம் போயிரும்ல," என்றாள்.

அவள்தான் சரோஜா. அந்த வருஷமே கட்டிக்கொண்டேன். தோட்டத்தில் பிறந்தவள், என்னை இன்றைக்கும் "ஊர்க்காரரே" என்றுதான் கேலி செய்வாள். இந்தியாவிலிருந்து வந்தவன் இங்கே ஊர்க்காரன். அங்கே போனால் மலேசியாக்காரன்.

நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி அட்டையை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன். குடியுரிமைக்கு நேர்காணல் வந்தபோது அதிகாரி மலாயில் எத்தனை பிள்ளை என்று கேட்டார். மலாயில் மனிதரை எண்ண ஒரு சொல், போத்தலை எண்ண ஒரு சொல். நான் எண்ணிப் பழகியது போத்தலைத்தானே! "ஒரு போத்தல் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்துவிட்டது. கயல் இன்றுவரை கோபம் வந்தால் தன்னை "ஒரு போத்தல்" என்றுதான் சொல்லிக்கொள்வாள்.

3

இப்போது குமரேசன் கேட்டதற்கு வருகிறேன்.

மருமகனே, நீ குடித்த ஒயின்மேல் தப்பில்லை. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், நீ செய்தது மூன்று தப்பு. போத்தலை வெயிலில் நிறுத்திவைத்த கடையில் வாங்கினாய். சூடாகக் குடித்தாய். கூடவே மிளகாய் தூக்கலாகப் பொரித்த கோழியைத் தின்றாய். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்பது குளிர் நாட்டுக்காரன் பேச்சு. நம் வெயிலுக்கு அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காரச் சாப்பாட்டுக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைத் தேடு. லேசாக இனிப்புள்ளதாகக் கேள். மீன் குழம்பு நாக்கில் மூட்டிய தீயை அது அணைக்காது, பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்கும். கெவுர்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பு. பிரியாணிக்கு அதைவிடப் பொருத்தம் நான் பார்க்கவில்லை. சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இத்தாலிக்காரன் செய்யும் லம்ப்ருஸ்கோ. சிவப்பு, ஆனால் சோடா மாதிரி நுரைக்கும். ஆட்டு ஈரல் வறுவலுக்கு ஆஸ்திரேலியாவின் நுரைக்கும் சிராஸ். ஜார்ஜியா என்ற நாட்டில் திராட்சையைத் தோலோடு பெரிய தாழிகளில் போட்டு மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். வெளியே எடுக்கும்போது தேயிலைச் சாயம் மாதிரி நிறம். முதல் வாய் பிடிக்காது. மூன்றாவது வாய்க்கு நீயே கிளாஸை நீட்டுவாய். கருவாட்டுக்கு மட்டும் வேறு எதையும் தொடாதே, ஸ்பெயினின் உலர்ந்த ஷெர்ரி. உப்பும் உப்பும் பேசிக்கொள்ளும்.

சின்னச் சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீர்கள் இப்போது நிறைய வருகின்றன. பெல்ஜியத்தின் கோதுமை பீரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். மல்லி போட்ட பீர் தமிழனுக்குத்தானே முதலில் பிடிக்க வேண்டும்? கோஸ என்று ஜெர்மன்காரனுடையது ஒன்று, உப்பும் புளிப்பும். மத்தியானம் மோர் குடித்த திருப்தி. பாகற்காய் பிடிக்கும் ஆள் என்றால் ஐபிஏ என்ற கசப்பு பீர். பிடிக்காத ஆள் அதன் பக்கம் போக வேண்டாம். தென்னை வெல்லம் போட்டுக் காய்ச்சிய கறுப்பு பீர் ஒன்று இந்தப் பக்கம் வருகிறது. பாயசத்துக்குப் பதில் அதை ஊற்றலாம். காற்றில் இருக்கும் ஈஸ்ட்டை வைத்தே பெல்ஜியத்தில் புளிக்கவைக்கும் லாம்பிக் பீர் இருக்கிறதே, அதை சரோஜாவிடம் ஒரு வாய் கொடுத்தேன். "இதுக்கா இவ்வளவு பெரிய போத்தலு? எங்க தோட்டத்துக் கள்ளுலா இது," என்று சொல்லி முழுசையும் முடித்துவிட்டாள்.

வாங்குவதில் ஒரு ஒழுங்கு சொல்கிறேன். நாலு பேர் இருந்தால் ஒரு போத்தல். தீர்ந்தால் அடுத்ததைத் திறக்காதே. ருசி இரண்டாவது கிளாஸோடு முடிந்துபோகிறது. அதற்கப்புறம் குடிப்பவனுக்கு நான் விற்பேன், ஆனால் கற்றுத்தர மாட்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாள் தள்ளாடியது கிடையாது. சரோஜாவைக் கேட்டுப் பாருங்கள்.

4

கயல் மருந்தாளராக வேலை பார்க்கிறாள். நான் தமிழில் ஒன்று கேட்டால் அவள் இங்கிலீஷில் இரண்டு சொல்வாள். அவள் அம்மா மொழிபெயர்ப்பாள். ஒரு நாள் மட்டும் தமிழிலேயே பேசினாள். விஷயம் பெரியது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, என்கூட வேலை செய்யற டேனியல்னு ஒருத்தர். ஊரு தைப்பிங். எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்க அப்பா அம்மா சனிக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்கு வாராங்க."

"கிறிஸ்துவங்களா?"

"ஆமா."

"வரட்டும்!" என்றேன். மற்ற அப்பன் என்றால் மதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. கிறிஸ்துவர்கள் கோயிலிலேயே ஒயின் கொடுக்கிறவர்கள். இத்தனை வருஷம் கழித்து, மதிப்புத் தெரிந்த சம்பந்தி கிடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கயல் இரண்டு தடவை சொன்னாள். "அப்பா, சிம்பிளா இருக்கட்டும். ஜூஸ் போதும்." வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மேசையில் ஏழு போத்தலை வரிசையாக நிறுத்தினேன். மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி கிளாஸ். சரோஜா பெரிய வாளை மீனில் குழம்பு வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு டேனியலின் அப்பா ஆசீர்வாதம் வந்தார். தைப்பிங்கில் நிலத்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனிதர். ஈப்போ வெயிலிலும் கையில் குடை. மழைக்குப் பேர்போன ஊர் என்பதால் தைப்பிங்காரர்கள் குடை இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். பின்னாலேயே அவர் மனைவியும் டேனியலும்.

மேசையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். டேனியல் கயலைப் பார்த்தான். கயல் கூரையைப் பார்த்தாள்.

நான் ரீஸ்லிங்கைத் திறந்து அவர் கிளாஸுக்கு மேல் சாய்த்தேன். அவர் உள்ளங்கையால் கிளாஸை மூடினார். "மன்னிக்கணும். நாங்க தொடுறதில்ல."

"இது தண்ணி மாதிரிங்க. கோயில்ல குடுக்கறதவிட லேசு."

"எங்க சபையில திராட்சை ஜூஸ்தான் குடுப்பாங்க," என்றார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க? கயல் பிசினஸ்னு சொல்லிச்சு."

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இதேதான்," என்று ஏழு போத்தலையும் காட்டினேன்.

அவர் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சரோஜாதான் முதலில் அசைந்தாள். ஒரே நடையில் இரண்டு கையிலும் போத்தலை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். "மொத சாப்பிடுங்க. மீனு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். கை கழுவிய பிறகு ஆசீர்வாதம் கேட்டார்.

"ஆரம்பத்துலேருந்தே இதுதானா?"

"முதல்ல போத்தல் வாங்குனேன். சைக்கிள்ல. தோட்டத்துல."

"சம்சு போத்தலும் வாங்குனீங்களா?"

சம்சு என்பது இங்கே கிடைத்த மலிவு சாராயம். கள்ளத்தனமாகக் காய்ச்சுவார்கள். சின்னச் சின்னப் போத்தலில் லயத்துக்கு வரும். காலிப் போத்தலை என்னை மாதிரி ஆள் வாங்கித் திரும்பக் கொடுத்தால்தான் அது மறுபடி நிறைந்து வரும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்குனேன். ரெண்டு வருஷம். எங்க போகுதுன்னும் தெரியும். அப்புறம் ஒரு தோட்டத்துல, புருஷனைப் பறிகொடுத்த பொம்பள ஒருத்தி போத்தலையெல்லாம் என் கண்ணு முன்னாலயே உடைச்சுப் போட்டா. அன்னைக்கு விட்டேன். அதுக்கப்புறம் சம்சு போத்தலத் தொட்டதில்ல."

ஆசீர்வாதம் கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எங்க அப்பா அதைக் குடிச்சுத்தான் போனாரு. பாகான் செராய் பக்கம். எங்கம்மா போத்தல்காரன் சைக்கிள் டயரக் கிழிச்சாங்க."

"நான் பாகான் செராய் பக்கம் வந்ததில்லீங்க," என்றேன் அவசரமாக.

"தெரியும். அந்த ஆள் வேற. ரொம்பக் குட்டையா இருப்பான்." லேசாகச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நேராகச் சொன்னார். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. மதம் ஒரு பிரச்சினை இல்ல. பதிவுக் கல்யாணம், அப்புறம் விருந்து. ஆனா ஒண்ணு. விருந்துல மது இருக்கக் கூடாது. ஹால்லயும் கூடாது, கார் பார்க்லயும் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

5

அறந்தாங்கியில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று புரியாது. இங்கே நம்மவர் கல்யாணம் என்றால் மண்டபத்துக்குள் சாப்பாடு, கார் நிறுத்துகிற இடத்தில் கச்சேரி. கார் பின்பெட்டியைத் திறந்து, ஐஸ் வாளி வைத்து, பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். சிலர் மாப்பிள்ளை முகத்தையே பார்க்காமல் போவார்கள். நானோ பத்து வருஷமாக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லிவைத்திருந்தேன். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்க, மேசைக்கு மேசை என்ன ஊத்துறேன்னு பாருங்க." எந்த மேசைக்கு எந்த ஒயின் என்றுகூட மனதில் பிரித்துவைத்திருந்தேன். மதுக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் ஆரஞ்சு ஜூஸ் என்றால் பேராக் முழுக்கச் சிரிக்கும்.

அன்று மாலை கயல் கடைக்கு வந்தாள். அவள் கடைக்குள் வந்தே பல வருஷம் இருக்கும். "அப்பா, நான் உங்ககிட்ட இதைக் கேக்க மாட்டேன். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, நான் டேனியல்கிட்ட பேசிக்கறேன்."

"என்ன பேசுவ?"

"வேணாம்னு."

அதைச் சொன்ன விதம்! முகத்தில் அழுகை இல்லை. மருந்துச் சீட்டில் மருந்து இல்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. இவள் எவ்வளவு நாளாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே பேசினால் அவர்கள் விலகுவார்கள், இங்கே பேசினால் நான் உடைவேன் என்று இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தைப்பிங்குக்குப் போன் போடு," என்றேன். "சம்பந்தின்னு கூப்பிட்டுப் பேசணும்."

கல்யாண வாரம் வந்தது. அந்த வாரம் மாதிரி வியாபாரம் என் கடையில் நடந்ததே இல்லை. லாரி ஓட்டும் முனுசாமி, என் பழைய வாடிக்கையாளர், வெள்ளிக்கிழமை வந்து லாகர் பீர் இரண்டு அட்டைப்பெட்டி எடுத்தார். "வீட்டுக்குண்ணே, சும்மா." சரோஜாவின் சித்தப்பா பெருமாள் வந்து ஒரு அரைப் போத்தல் பிராண்டி. பக்கத்துக் கார் பட்டறைக்காரர் வந்து கறுப்பு பீர் பன்னிரண்டு. சனிக்கிழமை மத்தியானம்தான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. பீர் வாங்கிய எல்லாரும் பிளாஸ்டிக் கப்பும் வாங்கியிருந்தார்கள்.

நான் படிக்காதவன். ஆனால் என் கடையிலிருந்து எவன் எதை எடுத்துப் போனான் என்பது ஒரு வாரத்துக்கு மறக்காது.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. பந்தி தொடங்கியது. நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தேன். முனுசாமி காரின் பின்பெட்டி கால்வாசி திறந்திருந்தது.

"முனுசாமி, மூடு."

"என்னண்ணே, குடை எடுக்கலாம்னு..."

"ரெண்டு பெட்டி லாகர். ஐஸ் நீ என் கடையில வாங்கல, அதனால பெட்ரோல் ஸ்டேஷன்ல வாங்கியிருப்ப. வெயில்ல வெந்த லாகர், அதைக் குடிக்கிறதுக்குப் பட்டினி கெடக்கலாம். சாவியக் குடு."

"அண்ணே, நீங்கதானேண்ணே வித்தீங்க!"

"கடையில நான் யாவாரி. இங்க பொண்ணப் பெத்தவன். குடு."

அடுத்த கார் பட்டறைக்காரருடையது. "பன்னிரண்டு கறுப்பு பீரு," என்றேன், அவர் வாயைத் திறக்கும் முன்னால்.

"பதினொண்ணுலா," என்றார் பாவமாக.

"அப்ப ஒண்ண நேத்தே முடிச்சிட்டீங்க. சாவி."

"இவர் கல்யாணத்துக்கு வந்தாரா, சுங்கத்துறை சோதனைக்கு வந்தாரா?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆள் காரைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் தட்டி, "ரெண்டு பக்கார்டி, ரெண்டு வோட்கா. பின் சீட்டுக்கு அடியில," என்றேன். கண்ணாடி இறங்கியது. இப்படியாக ஒன்பது சாவி. பெருமாள் சித்தப்பாவின் பழைய சின்னக் கார் சாவியும் அதில் ஒன்று. அவர் மட்டும் எதிர்த்துப் பேசவில்லை. கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"எல்லாரும் நாளைக்கு மறுநாள் கடைக்கு வாங்க," என்றேன். "கதவை அடைச்சுட்டு நானே ஊத்துறேன். நீங்க வாங்குன குப்பையை இல்ல, நான் சேத்து வச்சத. இப்ப போயி சாப்பிடுங்க, பாயசம் ஆறுது."

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். பாதிப் பேர் போகவில்லை. நான் எப்போது நகர்வேன் என்று காத்திருந்தார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஆசீர்வாதம் வெளியே வந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. என் மடியில் கிடந்த சாவிக் கொத்தைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பின்னாலேயே கயல் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா! எல்லாரும் மேடையில நிக்கிறாங்க, போட்டோ எடுக்கணும். இங்க என்ன பண்றீங்க?"

"நீ போம்மா. நான் எந்திரிச்சா இவனுங்க பூட்டைத் தொறந்துடுவானுங்க."

"நீங்க இல்லாம எப்படி?"

"சம்பந்தி, நீங்க போங்க," என்றார் ஆசீர்வாதம். "நான் உக்காருறேன்."

"உங்களுக்கு இவங்களத் தெரியாது."

"முப்பது வருஷம் நிலத்துறை கவுண்டர்ல உக்காந்தவன். நாளைக்கு வாங்கன்னு சொல்லி ஆளத் திருப்பி அனுப்பத் தெரியாதா?" என்று கையை நீட்டினார். ஒன்பது சாவியையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

போட்டோவில் நான் நன்றாக விழுந்திருக்கிறேன். அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்க்கவும். சரோஜா ஒரு பக்கம், கயல் ஒரு பக்கம், நடுவில் நான், மாப்பிள்ளை கொஞ்சம் ஓரமாக.

திரும்பி வந்தபோது ஆசீர்வாதம் அதே நாற்காலியில் இருந்தார். சுற்றி நின்றவர்களைக் காணோம், சாப்பிடப் போய்விட்டார்களாம். சாவிகளை என்னிடம் கொடுத்தார். எண்ணினேன்.

"எட்டுத்தான் இருக்கு."

"ஆமா. மரத்தடியில நின்ன பெரியவருக்குக் குடுத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெருமாள் சித்தப்பாவா? அவர் காருல பிராண்டி இருக்குங்க!"

"இருக்கும்னு தெரியும். கை நடுங்குச்சு. இலையில உக்காந்தாருன்னா சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க." ஆசீர்வாதம் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "ஒரு மடக்கு மட்டும்னு சொன்னேன். எங்கப்பாவுக்கும் குடிக்காட்டி இப்படித்தான் நடுங்கும், நான் அதைக் குடுத்ததில்ல. குடுத்திருந்தாலும் சரியாகியிருக்காது. ஆனா சாப்பாட்டு நேரத்துல ஒரு வாய் குடுத்திருக்கலாம்."

பெருமாள் சித்தப்பா காருக்குப் பின்னாலிருந்து வந்தார். வாயைத் துண்டால் துடைத்திருந்தார். சாவியை ஆசீர்வாதத்திடம் நீட்டினார். நீட்டிய கை ஆடவில்லை.

"போலாங்களா? கடைசிப் பந்தி போட்டுட்டாங்க," என்றார் ஆசீர்வாதம் எழுந்து.

நான் ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கமாக அவரை நடத்திக்கொண்டு உள்ளே போனோம். மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். சித்தப்பா சாம்பாரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டார். சம்பந்தியே எழுந்து போய் வாளியை வாங்கிவந்து பரிமாறினார்.